கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள், எடை ஏன் கூடியது?

உடல் பருமனைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு குற்றச்சாட்டில் வந்து நிற்கும். கொழுப்பைத் தொடாதே என்று அரசும் மருத்துவர்களும் தவறாகச் சொல்லிக்கொடுத்தார்கள், ஜனங்கள் அதை நம்பி மாவுச்சத்தில் போய் விழுந்தார்கள், அதனால்தான் இத்தனை பருமன், இத்தனை நீரிழிவு என்பது அந்தக் குற்றச்சாட்டு. எதிர்த்தரப்பின் பதிலும் தயாராக இருக்கும்: ஆலோசனை சரிதான், கேட்டு நடந்தவர்கள்தான் இல்லை. இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆவணங்களையும் ஆய்வுகளையும் வரிசையாக எடுத்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் வசதிப்படாத கதை ஒன்று வெளிப்படுகிறது. சொன்னது ஒன்று, மக்களின் தட்டுக்கு வந்து சேர்ந்தது வேறொன்று.

குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது அமெரிக்கப் புள்ளிவிவரம். அங்கே 1960களின் தொடக்கத்தில் பெரியவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் உடல் பருமன் உள்ளவர்கள். 1976–80 கணக்கெடுப்பில் அது 15 சதவீதம், அதாவது ஏறக்குறைய அசையவே இல்லை. அதன் பிறகு 1988–94ல் 23, 1999–2000ல் 30, 2017–18ல் 42 என்று ஏறிக்கொண்டே போனது. அமெரிக்கர்களுக்கான உணவு வழிகாட்டியின் முதல் பதிப்பை அந்நாட்டு அரசு வெளியிட்டது 1980ல். கோடு மேல்நோக்கி வளையத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான். பார்த்தவுடன் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் ஒன்றின் பின் இன்னொன்று வந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. அந்த ஆலோசனை எதற்காகச் சொல்லப்பட்டது, அதை யார் எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பார்த்தால்தான் வழக்கு விளங்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த ஆலோசனை இடுப்பளவை மனதில் வைத்துப் பிறந்ததல்ல. அது இதயத்துக்காகப் பிறந்தது. 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. நாட்டில் நடுவயது ஆண்கள் திடீர் திடீரென்று மாரடைப்பில் சாய்ந்துகொண்டிருந்த காலம் அது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்செல் கீஸ், வெண்ணெய், இறைச்சி போன்றவற்றில் மிகுதியாக உள்ள நிறைவுற்ற கொழுப்பு இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது, அது இதயத் தமனிகளை அடைக்கிறது என்று வாதிட்டார். 1958ல் அவர் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யுகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகிய இடங்களில் 12,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்தது. அது முடிவதற்குக் காத்திராமல், நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய்களைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 1961லேயே அறிவுறுத்தியது.

இதய நோய் என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்தப் பாதை தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. பின்லாந்தின் வட கரேலியா மாகாணத்தில் பெக்கா புஸ்காவின் தலைமையில் 1972ல் தொடங்கிய திட்டம் வெண்ணெயைக் குறைத்தது, உப்பைக் குறைத்தது, புகைப்பதைக் குறைத்தது. சுமார் நாற்பது ஆண்டுகளில் அங்கே உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அதே காலத்தில் அதே பின்லாந்தில் ஆண்களின் சராசரி எடை கூடியது. இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் பேசுகிறவர்கள்தான் அதிகம். இதயத்துக்காகச் சொன்ன ஆலோசனை இதயத்தில் வேலை செய்தது. எடையைப் பற்றி அது பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

இனி 1977க்கு வருவோம். ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையிலான செனட் குழு அமெரிக்காவில் பட்டினியை ஆராய ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தது. பட்டினியில் தொடங்கிய குழு அந்த ஆண்டு ஜனவரியில் நாட்டின் உணவு இலக்குகள் என்ற அறிக்கையை வெளியிட்டது. மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 55 முதல் 60 சதவீதம், கொழுப்பு 30 சதவீதம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதம், கொலஸ்ட்ரால் நாளுக்கு 300 மில்லிகிராம் என்பவை அதன் இலக்குகளில் சில. இன்று பலரும் மறந்துவிடுகிற இன்னொரு இலக்கும் அதே பட்டியலில் இருந்தது: சர்க்கரையைச் சுமார் 40 சதவீதம் குறைக்க வேண்டும். கொழுப்பை மட்டும் வில்லனாக்கிவிட்டுச் சர்க்கரையை விட்டுவிட்டார்கள் என்ற புகார் இந்த அறிக்கையைப் பொறுத்தவரை எடுபடாது.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது ஒரு சிறு சொல்மாற்றம். ஜனவரி அறிக்கை இறைச்சி உண்பதைக் குறைக்கும்படி நேரடியாகச் சொன்னது. கால்நடைத் துறையினர் கொந்தளித்தார்கள். டிசம்பரில் வந்த திருத்திய பதிப்பில் அந்த வாசகம் போய்விட்டது. விலங்குக் கொழுப்பைக் குறையுங்கள், நிறைவுற்ற கொழுப்பு குறைவாகச் சேரும்படியான இறைச்சி, கோழி, மீன் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள் என்று அது மாறியது. முதல் வாசகத்தில் இருந்தது உணவுப் பொருள். இரண்டாவதில் இருந்தது ஊட்டச்சத்து. 'இதைக் குறைவாகச் சாப்பிடு' என்பது 'இதில் எது நல்லதோ அதைத் தேர்ந்தெடு' என்றாயிற்று. யாரையும் பகைத்துக்கொள்ளாத மொழி. எந்த உற்பத்தியாளரும் தன் பொருளை அந்த மொழிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். 1980ன் வழிகாட்டி இதே மொழியில்தான் எழுதப்பட்டது. அதன் ஏழு அறிவுரைகளில் சரியான எடையைப் பேணுங்கள் என்பதும், அளவுக்கு மீறிய சர்க்கரையைத் தவிருங்கள் என்பதும் இருந்தன. போதுமான சான்று இல்லாமல் மக்கள் மீதே ஒரு பெரும் பரிசோதனையை நடத்துவதா என்று அன்றைய தேசிய அறிவியல் அகாடமியின் தலைவர் பிலிப் ஹாண்ட்லர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

சர்க்கரைத் தொழிலின் பங்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1967ல் புகழ்பெற்ற மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான மதிப்பாய்வுக் கட்டுரை, இதய நோய்க்குக் கொழுப்பையே முதன்மைக் காரணமாக முன்னிறுத்திச் சர்க்கரையைப் பற்றிய சான்றுகளின் எடையைக் குறைத்துக் காட்டியது. அதை எழுதிய ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குச் சர்க்கரைத் தொழிலின் அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது. கட்டுரையில் அந்தத் தகவல் இல்லை. பழைய கடிதங்களிலிருந்து இது வெளிவந்தது 2016ல், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து. எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஹெக்ஸ்டட் பின்னாளில் அரசு வழிகாட்டியின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். இதை வைத்து மொத்தக் கொழுப்புக் கொள்கையும் விலைக்கு வாங்கப்பட்டது என்று சொல்வது மிகை. சந்தேகத்தின் திசையைத் திருப்பிவிட அவ்வளவு சிறிய தொகையே போதுமானதாக இருந்தது என்பதுதான் உறுத்துகிறது.

ஆலோசனை கடைத்தெருவுக்கு வந்தபோது நடந்ததுதான் உண்மையான கதை. குறைவாகச் சாப்பிடுங்கள் என்ற அறிவுரையை யாராலும் விற்க முடியாது. கொழுப்பில்லாதது என்ற முத்திரையை விற்கலாம். 1992ல் நபிஸ்கோ நிறுவனம் ஸ்நாக்வெல்ஸ் என்ற பெயரில் கொழுப்பு நீக்கிய, கொழுப்பு குறைந்த பிஸ்கட்டுகளைக் கொண்டுவந்தது. கொழுப்பை எடுத்தால் போகும் சுவையைச் சர்க்கரையும் மாவும் ஈடுகட்டின. கலோரி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பெட்டியின் மேல் இருந்த அந்த ஒரு வார்த்தை, இரண்டு எடுக்கிற இடத்தில் அரைப் பெட்டியைக் காலி செய்ய அனுமதிச் சீட்டாகிவிட்டது. அறிவுரையில் விற்கக்கூடிய பாதியை எடுத்துக்கொண்டு விற்க முடியாத பாதியை உதறிவிட்டார்கள்.

எண்களைப் பாருங்கள். 1971க்கும் 2000க்கும் இடையில் அமெரிக்க ஆண்களின் சராசரி உணவு நாளுக்கு 2,450 கலோரியிலிருந்து 2,618க்கு உயர்ந்தது. பெண்களுக்கு 1,542லிருந்து 1,877. கொழுப்பின் பங்கு சுமார் 37 சதவீதத்திலிருந்து 33க்கு இறங்கியது. ஆகா, ஆலோசனை வென்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் பங்கு குறைந்ததற்கு முக்கியக் காரணம், மொத்தம் கூடியதுதான். கிராமில் கணக்கிட்டால் பெண்கள் சாப்பிட்ட கொழுப்பு குறையவே இல்லை, சற்றுக் கூடத்தான் செய்தது. பழையதில் கைவைக்காமல் அதன் மேல் மாவும் சர்க்கரையும் சேர்ந்தன. கொழுப்பை விட்டதால் மக்கள் பெருத்தார்கள் என்பதற்கு, அவர்கள் முதலில் கொழுப்பை விட்டிருக்க வேண்டுமே.

அதற்காக வழிகாட்டிகள் குற்றமற்றவை என்று விட்டுவிட முடியாது. 1992ல் வந்த உணவுப் பிரமிடு அடித்தளத்தில் ரொட்டி, தானியம், அரிசி, பாஸ்தா ஆகியவற்றை வைத்து, நாளுக்கு 6 முதல் 11 பரிமாறல்கள் என்றது. முழுத் தானியத்துக்கும் தவிடு நீக்கிய வெள்ளை மாவுக்கும் அந்தப் படத்தில் வேறுபாடு தெரியவில்லை. எண்ணெய் வகைகள் எல்லாம் உச்சியில், நல்லது கெட்டது என்ற பேதமில்லாமல், தொடாதே என்ற தோரணையில் இருந்தன. வெண்ணெய்க்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்ட மார்ஜரின்களில் பலவற்றில், எண்ணெயைக் கெட்டியாக்க ஹைட்ரஜன் ஏற்றும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இருந்தது. அது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுவதோடு நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கவும் செய்கிறது என்று 1990ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மென்சிங்கும் கட்டானும் காட்டினார்கள். அமெரிக்காவில் அதன் முக்கிய மூலமான பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்க்குத் தடை நடைமுறைக்கு வந்தது 2018ல். ஒரு தவறு தெரிந்ததிலிருந்து திருத்தப்படுவதற்கு 28 ஆண்டுகள்! கொலஸ்ட்ரால் உணவில் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் 2015 வழிகாட்டியில் சத்தமில்லாமல் காணாமல் போனது.

சரி, கொழுப்பை உண்மையிலேயே குறைத்தால் என்ன ஆகும்? பெண்களின் உடல்நலம் பற்றிய ஓர் அமெரிக்கப் பேராய்வு இதைச் சோதித்தது. மாதவிடாய் நின்ற 48,835 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கொழுப்பைக் குறைக்கத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். சுமார் எட்டு ஆண்டுகள் கழித்து 2006ல் முடிவுகள் வந்தன. இதய நோயில் சொல்லும்படியான வேறுபாடில்லை. முதல் ஆண்டில் சுமார் 2 கிலோவாக இருந்த எடை வித்தியாசம் ஏழரை ஆண்டில் அரைக் கிலோவுக்கும் கீழே கரைந்துவிட்டது. கொழுப்பைக் குறைத்தவர்கள் இளைக்கவில்லை, அதே சமயம் பெருத்துவிடவும் இல்லை. இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் ஏமாற்றம்தான்.

2018ல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டஃபர் கார்ட்னர் குழு மாவுச்சத்துக்கும் கொழுப்புக்கும் நேரடிப் போட்டி வைத்தது. 609 பேர், 12 மாதம். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல்படி இரண்டும் ஒன்றே. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் சுமார் 30 கிலோ குறைந்தவரும் இருந்தார், சுமார் 10 கிலோ கூடியவரும் இருந்தார். இரு குழுக்களுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவைதான் கவனிக்க வேண்டியவை: சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் வெள்ளை மாவையும் விடுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், முடிந்தவரை பதப்படுத்தாத உணவை உண்ணுங்கள். கலோரி எண்ணும்படி யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்து வந்த சோதனை இந்த இழையைப் பிடித்து இழுத்தது. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனை வார்டிலேயே தங்க வைத்தார். இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைக்கப்பட்ட கலோரி, கொழுப்பு, சர்க்கரை, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். பதப்படுத்திய உணவில் நார்ச்சத்து போதாததால் அதைப் பானத்தில் கரைத்துக் கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். தேவைக்கு மேலேயே பரிமாறி, விரும்பிய அளவு சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள், எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. சிறிய சோதனை, குறுகிய காலம். ஆனாலும் அது அடித்த இடம் சரியான இடம். ஊட்டச்சத்துப் பட்டியலில் இரண்டு தட்டும் ஒன்று. உடம்புக்கு இரண்டும் ஒன்றாக இல்லை. நாற்பது ஆண்டுகளாக வழிகாட்டிகள் பேசிய மொழியில் இந்த வேறுபாட்டைச் சொல்லவே வழியில்லை.

கொஞ்சமாகச் சாப்பிடு, நிறைய நட என்ற எளிய அறிவுரை ஏன் கைகொடுப்பதில்லை என்பதற்கும் விடை பழையதுதான். அதே ஆன்செல் கீஸ், கொலஸ்ட்ராலுக்கு வருவதற்கு முன், 1944–45ல் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. இன்று பல எடைக் குறைப்புத் திட்டங்கள் சாதாரணமாகப் பரிந்துரைக்கிற அளவு அது. அவர்கள் தட்டை நக்கினார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், உணவைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாமல் திரிந்தார்கள். சோதனை முடிந்ததும் வயிறு நிறைந்த பிறகும் சாப்பிட்டார்கள். உடல் கொழுப்பு முன்பு இருந்ததைத் தாண்டிப் போனது. எடை குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து 2016ல் வெளியிட்ட ஆய்வில், இழந்த 58 கிலோவில் சராசரியாக 41 கிலோ திரும்பியிருந்தது. அவர்களின் உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல், அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. இதை மன உறுதிக் குறைவு என்று சொல்லித் திட்டுவது சோம்பேறித்தனமான மருத்துவம்.

எடையும் வளர்சிதை மாற்ற நலமும், அதாவது உணவை உடல் ஒழுங்காகப் பயன்படுத்திச் சேமிக்கும் திறனும், ஒன்றல்ல என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். 1988ல் மருத்துவ ஆய்வாளர் ஜெரால்டு ரீவன், இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலையில் உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிகுதி, நல்ல கொலஸ்ட்ரால் குறைவு, சர்க்கரை ஏற்றம் ஆகியவை கூட்டமாக வருகின்றன என்று விளக்கினார். பின்னர் இடுப்புச் சுற்றளவும் சேர்ந்து ஐந்து அளவுகோல்களாயின. ஐந்தில் மூன்று இருந்தால் வளர்சிதை மாற்றக் கூட்டுநோய். இந்தப் பட்டியலில் உடல் எடை இல்லை என்பதைக் கவனியுங்கள். தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. அங்கே இடம் போதாமல் கல்லீரலிலும் கணையத்திலும் குடலைச் சுற்றியும் போய்த் தங்கும் கொழுப்புதான் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. எவ்வளவு கொழுப்பைத் தோலுக்கடியில் பத்திரமாக வைக்க முடியும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒல்லியாகத் தெரிகிறவருக்கு நீரிழிவு வருவதும், பருத்த ஒருவரின் இரத்தப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காக இருப்பதும் இதனால்தான்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் உணவு ஆலோசனையின் மதிப்பெண் அவ்வளவு மோசமில்லை. நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேரிடம் அமெரிக்காவில் நடந்த தடுப்பு ஆய்வின் முடிவு 2002ல் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்கள் சராசரியாக ஐந்தாறு கிலோதான் இழந்தார்கள். கண்ணாடியில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை குறைத்தது 31 சதவீதம். பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய ஆய்வில், நாளுக்குச் சுமார் 850 கலோரி தரும் திரவ உணவை மூன்று முதல் ஐந்து மாதம் எடுத்தவர்களில் 46 சதவீதத்தினருக்கு ஓராண்டில் மருந்தில்லாமலே இரண்டாம் வகை நீரிழிவு தணிந்திருந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்தத் தணிவு 36 சதவீதமாக இறங்கியது என்பதையும் மறைக்கக் கூடாது.

இந்த வெற்றிகளில் எதுவும் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியதால் வந்ததல்ல. அமெரிக்க ஆய்வில் ஒவ்வொருவருக்கும் தனி வழிகாட்டி இருந்தார், முதல் ஆறு மாதத்தில் 16 நேரடிப் பாடங்கள் நடந்தன. பத்து நிமிட மருத்துவச் சந்திப்பின் கடைசி அரை நிமிடத்தில் சொல்லப்படும் 'எடையைக் குறைங்க' என்ற வாக்கியத்துக்கும் இதற்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், வேலை ஒன்றல்ல. செமாகுளூடைடு போன்ற புதிய எடைக் குறைப்பு ஊசிகளும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகின்றன. 2021ல் வெளியான பெரிய சோதனையில் 68 வாரத்தில் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. அந்த மருந்து யாருக்கும் ஊட்டச்சத்துப் பாடம் நடத்துவதில்லை, பசியை அடக்குகிறது. நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

சில நாடுகள் தனி மனிதரிடம் பேசுவதைவிட்டுப் பொட்டலத்திடம் பேசத் தொடங்கியிருக்கின்றன. சிலி 2016ல் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவற்றில் வரம்பைத் தாண்டும் பொருள்கள் மீது கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. பள்ளிகளில் அவற்றை விற்கத் தடை, குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கும் தடை. சர்க்கரைப் பானங்களின் விற்பனை கணிசமாக இறங்கியது. நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. கறுப்பு முத்திரை விழாமலிருக்கச் சர்க்கரையை எடுத்துவிட்டுச் செயற்கை இனிப்பூட்டிகளைச் சேர்த்தார்கள். சட்டம் வந்த பின் குழந்தைகள் அருந்தும் பானங்களில் அவற்றின் அளவு கூடியது. எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. சிலியின் சட்டம் எண்ணுகிற நான்கு பொருள்களில் அவை இல்லை.